துரை வேடம் கட்டிய ஜாக் ஹாக்கின்ஸ்

1952-ல் இங்கிலாந்துக் கொட்டகைகளில் ஒரு மலாயா ரப்பர்த் தோட்டம் நல்ல வசூலோடு ஓடியது. படத்தின் பெயர் ‘தி பிளான்டர்ஸ் வைஃப்’. முள்வேலிக்குள் ஒரு பங்களா, வெளியே காடு, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். துப்பாக்கியும் கையுமாகத் தோட்டத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும் துரை ஜிம் ஃபிரேசர். அவனோடு வாழ்ந்து அலுத்துப்போய், மகனைக் கூட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்ப நினைக்கும் மனைவி லிஸ். ஓர் இரவு பங்களா தாக்கப்படுகிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று சுடுகிறார்கள். சண்டை ஓயும்போது அவர்களுக்குள் இருந்த மனக்கசப்பும் ஓய்ந்துவிடுகிறது.

லிஸ்ஸாக ஹாலிவுட்டின் கிளாடெட் கோல்பெர்ட். துரையாக ஜாக் ஹாக்கின்ஸ்.

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். கதைக்காக அல்ல, கதை நம்மூர் நாடக மேடையிலேயே பார்த்துச் சலித்த ரகம்தான். யார் ஓரத்தில் தள்ளப்படுகிறார்கள் என்று பார்க்கத்தான். துரை இருக்கிறார், பங்களா இருக்கிறது, கித்தா மரம் இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசை பிடித்து நின்றவர்கள், பால் வாளியைக் காண்டா போட்டுத் தூக்கியவர்கள், லயத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்கள் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துபோகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து ஹாக்கின்ஸ் நடித்த இன்னொரு படம் உலகையே கலக்கியது. அதுவும் இதே தோட்டத்து மக்களின் கதையைத் தொட்ட படம்தான். அதில் அவர்கள் கூட்டமாகக்கூட வரவில்லை.

இதற்கு அந்த நடிகரைக் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள மரியாதைதான் கூடுகிறது.

ஹாக்கின்ஸ் 1910 செப்டம்பர் 14 அன்று லண்டனின் வடக்கே வுட் கிரீனில் பிறந்தவர். அப்பா கட்டடம் கட்டும் தொழில் செய்தவர். கலைக்குடும்பம் என்று சொல்ல ஏதுமில்லை. பையனுக்குப் பாட்டுக் குரல் இருந்தது. அது பள்ளிப் பாடகர் குழுவில் தொடங்கி, சிறுவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் இத்தாலியா கோன்டி பள்ளியில் கொண்டுபோய் விட்டது. 1923 கிறிஸ்துமஸ் சமயத்தில், பதின்மூன்று வயதில், ‘வேர் தி ரெயின்போ எண்ட்ஸ்’ என்ற சிறுவர் நாடகத்தில் லண்டன் மேடை ஏறினார். மறு ஆண்டே பெர்னார்ட் ஷாவின் ‘செயின்ட் ஜோன்’ நாடகத்தின் முதல் லண்டன் அரங்கேற்றத்தில் ஓர் எடுபிடிப் பையன் வேடம். ஜோனாக நடித்தவர் சிபில் தோர்ன்டைக். பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, பெரிய ராஜபார்ட்டின் பக்கத்தில் நின்று தொழில் கற்ற நம் பழைய நடிகர்களின் கதைதான் இதுவும். ஊரும் மொழியும் வேறு.

பதினெட்டு வயதில் நியூயார்க். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளைப் பற்றிய ‘ஜர்னீஸ் எண்ட்’ நாடகம் 1929-ல் பிராட்வேயில் ஓடியபோது, பயத்தில் உடைந்துபோகும் இளம் அதிகாரி ஹிபர்ட் வேடம் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் நெஞ்சை நிமிர்த்திய கேப்டன், கர்னல், ஜெனரல் வேடங்களாகவே வந்து குவிந்தவரின் ஆரம்பகால ராணுவ வேடங்களில் ஒன்று ஒரு கோழையின் வேடம்! அந்தக் கோழை அவருக்குள் கடைசிவரை இருந்தான் என்றே படுகிறது. அவருடைய கமாண்டர்கள் மற்ற நடிகர்களின் கமாண்டர்களிலிருந்து வேறுபடுவதே அங்கேதான். கட்டளை போடும் வாய்க்கு மேலே, தான் போடும் கட்டளையைக் கண்டு தானே அஞ்சும் கண்கள்.

1932-ல் நடிகை ஜெசிக்கா டேண்டியை மணந்தார். அந்த மணம் 1940-ல் முறிந்தது. இடையில் 1934-ல் ஜான் கில்குட் நடத்திய ‘ஹாம்லெட்’. கில்குட் இளவரசன், டேண்டி ஒஃபீலியா, ஹாக்கின்ஸ் உயிர்த்தோழன் ஹொரேஷியோ. ஒஸ்ரிக் என்ற துக்கடா வேடத்தில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்த ஓர் ஒல்லிப் பையன். பெயர் அலெக் கின்னஸ். இந்த இருவரும் பிற்பாடு இலங்கைக் காட்டில் ஒரே படத்துக்காகக் கூடப்போகிறார்கள். அதற்கு இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

அதே முப்பதுகளில், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வேறு மேடை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அரிச்சந்திரனும் நல்லதங்காளும். துரை வந்தால் முன்வரிசையில் நாற்காலி. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம். 1941-ல் ஆர். எச். நாதன் முதலானோர் தலைமையில் கிள்ளானில் வெடித்துச் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடையை மூடுவதோடும், இந்தச் சைக்கிள் விவகாரமும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டார், ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திரையில் ஹாக்கின்ஸ் காட்டிய துரைக்கு முந்தைய துரைமார் காலம் இப்படி இருந்தது.

போர் வந்ததும் ஹாக்கின்ஸ் ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படையில் சேர்ந்தார். படை அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. நடிகரைத் துப்பாக்கி தூக்கச் சொல்வதைவிட நாடகம் போடச் சொன்னால் பயன் அதிகம் என்று யாரோ ஒரு மேலதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிப்பாய்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் ‘என்சா’ அமைப்பின் இந்தியா, தென்கிழக்காசியப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. கர்னல் பதவி வரை போனார். லண்டனிலிருந்து வந்த நடிகர் குழுக்களைப் பர்மா எல்லைவரை லாரியிலும் ரயிலிலும் அனுப்பி வைப்பது, மேடை இல்லாத இடத்தில் மேடை போடுவது, மலேரியாவில் விழுந்தவருக்குப் பதிலாள் தேடுவது என்று வேலை. அப்படி வந்த நடிகைகளில் ஒருவர்தான் டோரீன் லாரன்ஸ். 1947-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். டோரீன் மிக முதிர்ந்த வயதில் அந்த நாட்களை எழுதிப் புத்தகமாக்கினார். தலைப்பே ‘டிரூரி லேனிலிருந்து திமாப்பூர் வரை’ என்ற பொருளில் இருக்கும்.

பர்மா எல்லையில் இந்தப் பக்கம் ஹாக்கின்ஸ் நாடகம் போட்ட அதே போரில், அந்தப் பக்கம் சயாம் காட்டில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஜப்பானியருக்காகத் தண்டவாளம் போட்டார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

போர் முடிந்து திரும்பியவருக்கு வயது முப்பதுகளின் நடுவில். மேடைதான் வாழ்க்கை என்று இருந்தவரைத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா ஒப்பந்தம் போட்டுச் சினிமாவுக்கு இழுத்தார். ‘தி ஃபாலன் ஐடல்’, ‘தி ஸ்மால் பேக் ரூம்’ போன்ற படங்களில் இரண்டாம் நிலை வேடங்கள். கதாநாயகனாக அவரை யாரும் நினைக்கவில்லை. முகம் அழகு முகம் இல்லை. புருவம் தடித்து, தாடை அகன்று, நாற்பதைத் தாண்டிய களைப்பு தெரியும் முகம். போரில் வீட்டுக்கு ஒருவரைக் கொடுத்திருந்த இங்கிலாந்துக்கு அந்தக் களைத்த முகம்தான் தேவைப்பட்டது.

1952 அவருடைய ஆண்டு. ‘ஏஞ்சல்ஸ் ஒன் ஃபைவ்’ படத்தில் விமானப்படை அதிகாரி. ‘மேண்டி’யில் காது கேளாத குழந்தைகளின் பள்ளித் தலைமையாசிரியர். பிறகு ‘தி பிளான்டர்ஸ் வைஃப்’. இதில் ஒரு வேடிக்கை: ‘மேண்டி’யில் காது கேளாத சிறுமிகளில் ஒருத்தியாக வந்தவர் ஜேன் ஆஷர்; தோட்டத்துரையின் மகனாக நடித்த சிறுவன் அவருடைய அண்ணன் பீட்டர் ஆஷர். அறுபதுகளில் ஜேன், பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் காதலியாகப் பத்திரிகைகளில் அடிபட்டார். அண்ணன் பாப் பாடகரானார்.

தோட்டத்துரைப் படத்தை இயக்கியவர் கென் அன்னாகின். எஸ். சி. ஜார்ஜ் எழுதிய நாவலை ஒட்டிய கதை. அமெரிக்காவில் ‘அவுட்போஸ்ட் இன் மலாயா’ என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். நடிகர்கள் வரும் காட்சிகளில் பெரும்பாலானவை லண்டன் அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. மலாயாவில் நிஜமான துப்பாக்கிச்சூடு நடந்துகொண்டிருந்தபோது கோல்பெர்ட்டைக் கூட்டிவந்து ரப்பர் காட்டில் நிறுத்த எந்தத் தயாரிப்பாளருக்குத் தைரியம் வரும்?

அந்தத் துப்பாக்கிச்சூடு எங்கே நடந்தது என்று பார்த்தால், சிலாங்கூரின் வடபகுதி அதன் நடுக்களங்களில் ஒன்று. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1948 ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் துரைமார் மூவர் சுடப்பட்டதோடு தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் ரப்பர்த் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் நிராயுதபாணிகளான 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குடும்பங்களின் வழக்கு 2015-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போயும் விசாரணைக் குழு கிடைக்கவில்லை. 1949 மார்ச்சில் ரவாங் அருகே தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி பிடிபட்டார், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. 1951 அக்டோபர் 6 அன்று கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கப்பட்டுச் செத்தார். ‘தி பிளான்டர்ஸ் வைஃப்’ அதற்கு மறு ஆண்டுப் படம். லண்டனில் டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கர்னியின் சாவு நேற்றைய செய்தி.

ஆகவே படத்தில் இருக்கும் பயம் பொய்ப் பயமல்ல. துரைமார் உண்மையிலேயே தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துத் தூங்கினார்கள். ஹாக்கின்ஸ் அந்தப் பயத்தைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார். வீராவேச வசனம் குறைவு. தோட்டத்தின் மீது பைத்தியமான ஒருவன், பெண்டாட்டி பேசுவதைப் பாதிதான் காதில் வாங்குகிறான் என்பதை முகத்திலேயே காட்டுகிறார். படத்தின் கோளாறு அவர் நடிப்பில் இல்லை. கேமரா நிற்கும் இடத்தில் இருக்கிறது. பங்களா வராந்தாவில் நின்று பார்த்தால் தெரிவது அவ்வளவுதான். லயத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பயம். இரவில் காட்டிலிருந்து வந்து அரிசி கேட்பார்கள், கொடுக்காவிட்டால் ஆபத்து. கொடுத்தது தெரிந்தால் பகலில் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும். லயங்களை ஒரே இடத்துக்குப் பெயர்த்து முள்வேலி கட்டினார்கள். வேலிக்கு வெளியே சோறு எடுத்துப் போகத் தடை. பால் வெட்டப் போனவர்கள் பசியோடுதான் திரும்பினார்கள். கிராணி, மண்டோர், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று செத்தவர்களும் உண்டு. இதில் ஒரு காட்சியை எடுத்திருந்தாலே ஹாக்கின்ஸின் துரைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

படத்தில் இந்தியப் பெயரோடு வரும் முக்கியப் பாத்திரம் நாயர். நடித்தவர் ராம் கோபால். பெங்களூரில் பிறந்து, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதமும், குஞ்சுக் குறுப்பிடம் கதகளியும் பயின்று, 1939-லேயே லண்டன் மேடையை ஆட்டிப்படைத்த அதே ராம் கோபால். அவர் கால் சதங்கையைப் பார்க்க ஐரோப்பாவில் கூட்டம் கூடியது. பைன்வுட் அவருக்குக் கொடுத்தது துரைக்கு விசுவாசமான ஆள் வேடம். கூர்ந்து பார்த்தால் அவர் நிற்கும் நிலையில், கழுத்தைத் திருப்பும் விதத்தில் ஆட்டக்காரர் தெரிகிறார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

1953-ல் வந்த ‘தி குரூயல் சீ’ ஹாக்கின்ஸைப் பிரிட்டனின் முதல் நட்சத்திரமாக்கியது. அட்லாண்டிக்கில் ஒரு சிறு போர்க்கப்பல், பெயர் காம்பஸ் ரோஸ். கப்பல் தலைவன் எரிக்சனாக ஹாக்கின்ஸ். கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து குதித்த சொந்த நாட்டு மாலுமிகள் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே ஜெர்மன் நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி சொல்கிறது. குண்டு போட்டால் நீந்துகிறவர்கள் சாவார்கள். போடாவிட்டால் நீர்மூழ்கி தப்பி இன்னும் எத்தனையோ கப்பலைக் கவிழ்க்கும். எரிக்சன் குண்டு போடச் சொல்கிறான். தண்ணீரில் இருந்தவர்கள் தங்களைக் காப்பாற்ற வருவதாக நினைத்துக் கையசைக்கிறார்கள். கப்பல் அவர்கள் மேலேயே போகிறது. பிற்பாடு எரிக்சன் குடித்துவிட்டு அழுகிறான். கப்பற்படை அதிகாரி கண்ணீர் விடலாமா என்று ஸ்டூடியோவில் தயக்கம். கண்ணீரைக் குறைத்தும் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கன்னத்தில் வழிந்தோடிய காட்சியே படத்தில் நின்றது. பிரிட்டிஷ் சினிமாவில் ஆண்பிள்ளை அழுததைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் இந்தக் காட்சிதான் முதலில் வரும். பிராட்வேயில் ஹிபர்ட்டாக நடுங்கிய பையன் இங்கே வேலைக்கு உதவினான்.

அதன் பிறகு ஐந்தாறு ஆண்டு அவர் காட்டில் மழை. ஹாலிவுட்டின் ‘லேண்ட் ஆஃப் தி ஃபேரோஸ்’ படத்தில் எகிப்திய மன்னன், லண்டன் துப்பறியும் கதைகளில் போலீஸ் அதிகாரி. கூடவே 1957-ல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’.

சயாம் மரண ரயிலைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தப் படம் சொன்னதுதான். டேவிட் லீன் இயக்கம். பிடிவாதக்காரக் கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ். பாலத்தைத் தகர்க்கக் காட்டு வழியே வரும் கமாண்டோ மேஜர் வார்டனாக ஹாக்கின்ஸ். போருக்கு முன் கேம்பிரிட்ஜில் கீழைமொழிகள் சொல்லிக்கொடுத்தவராம் வார்டன். காலில் குண்டடி பட்டபிறகும் நொண்டிக்கொண்டே மலையேறுவார். 1934-ன் ஹொரேஷியோவும் ஒஸ்ரிக்கும் இப்படி ஒரே பாலத்தின் கட்டுபவனும் இடிப்பவனுமாக ஆனார்கள். படப்பிடிப்பு சயாமில் நடக்கவில்லை. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் மேல் நிஜமான மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் அதைத் தகர்த்துப் படமெடுத்தார்கள்.

மூலநாவலை எழுதியவர் பிரெஞ்சுக்காரர் பியர் பூல். சயாம் ரயில்பாதையில் அவர் கைதியாக இருந்ததில்லை. ஆனால் மலாயாவை நன்றாகத் தெரிந்தவர். 1936 முதல் போர் வரும்வரை கோலாலம்பூரிலிருந்து ஐம்பது மைல் தொலைவில் ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். பெரட்டு, பால் நிறுக்கிற கொட்டகை, தமிழ்க் கூலிகள் எல்லாம் அவருடைய அன்றாடம். கோல சிலாங்கூர்க்காரர்களுக்கும் பிரெஞ்சுத் துரைமார் புதியவர்கள் அல்லர். 1917-ல் மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டத்தைத் தென்னமரம் எஸ்டேட்டில் வணிகமாக நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர்தான். தமிழும் மலாயும் கற்றுக்கொண்டவர். அந்த வாழ்க்கையை வைத்து எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். ஃபோகோனியேயின் நாவலில் தமிழர்கள் பெயரோடும் பேச்சோடும் வருகிறார்கள். அதே நாட்டில் தோட்ட வேலை பார்த்த பூல், சயாம் ரயிலைப் பற்றி எழுதியபோது அவர்களை விட்டுவிட்டார்.

விடக்கூடிய எண்ணிக்கையா அது? ரயில்பாதை சுமார் 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்றும் கணக்குகள் சொல்கின்றன. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சிலாங்கூர்த் தோட்டங்களும் ஆள் கொடுத்தன. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றுதான் ஜப்பானியர் முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பெரட்டில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கொட்டகைக்கு வரவழைத்து, கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை ரயிலடிக்குக் கொண்டுபோனதாகவும் சாட்சியங்கள் உண்டு. சரக்கு ரயில் பெட்டியில் பான் போங் வரை பயணம். பிறகு நடை. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகக் காலி செய்தது. போர்க்கைதிகளுக்காவது கூடவே ராணுவ டாக்டர்களும் பெயர்ப் பட்டியலும் கல்லறையும் இருந்தன. தோட்டத்து ஆட்களுக்கு எதுவும் இல்லை.

படத்தில் வார்டன் காட்டு வழியே நடக்கும்போது சுமை தூக்கி வருகிறவர்கள் சயாமியப் பெண்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தில் ஒரு தமிழ் முகம், ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. படம் எடுத்த விதத்தில் பழுது சொல்ல ஆளில்லை, ஏழு ஆஸ்கார். அதில் திரைக்கதைக்கான விருதைப் பூலுக்கே கொடுத்தார்கள். உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டு ஆதரவாளர்கள் என்று ஹாலிவுட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் பெயரைப் போட முடியவில்லை. 1984-ல்தான் அகாடமி அதைத் திருத்தியது. பெயரை விட்டுவிடுவதில் இந்தப் படத்துக்கு என்னவோ ஒரு ராசி.

விடுபட்ட கதையை எழுதும் வேலை கடைசியில் மலேசியத் தமிழர்கள் தலையிலேயே விழுந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்களைப் படித்துவிட்டு ‘குவாய்’ படத்தை மறுபடி பார்த்தால், கின்னஸின் கர்னல் தன் அதிகாரிகள் கூலி வேலை செய்ய மாட்டார்கள் என்று கௌரவத்துக்காக மல்லுக்கட்டும் காட்சி வேறு மாதிரி தெரியும். அந்தக் கூலி வேலையை யார் செய்தார்கள் என்பது அப்போது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

ஹாக்கின்ஸுக்கோ ஏறுமுகம். 1958-ல் சி.பி.இ. விருது. 1959-ல் ‘பென்ஹர்’, துடுப்புத் தள்ளும் அடிமையைத் தத்துப்பிள்ளையாக்கிக்கொள்ளும் ரோமானியத் தளபதி. 1962-ல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’. காரியம் முடிந்ததும் லாரன்ஸைக் கைகழுவும் ஜெனரல் ஆலன்பி. ‘குவாய்’, ‘பென்ஹர்’, ‘லாரன்ஸ்’ மூன்றும் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியவை. ஐந்தாண்டு இடைவெளிக்குள் மூன்றிலும் இருந்தவர் அவர். ஆனால் அவருக்கென்று ஓர் ஆஸ்கார் பரிந்துரைகூட வந்ததில்லை. பக்கத்தில் நிற்பவரைத் தூக்கிக் காட்டுகிற நடிகருக்கு விருது கிடைப்பது எந்த ஊரிலும் அபூர்வம்.

ஓயாத புகைப்பழக்கம் இருந்தது. ஐம்பதுகளின் முடிவிலேயே குரல் கரகரக்க ஆரம்பித்தது; தொண்டைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்டு அதை வெளியே காட்டாமல் நடித்தார். 1966 ஜனவரியில் புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பாட்டுக் குரலால் மேடைக்கு வந்தவருக்கு 55 வயதில் குரலே இல்லை.

சரியாக ஓராண்டு கழித்து, 1967 ஜனவரி 12 அன்று, சென்னையில் எம்.ஜி.ஆர். தொண்டையில் எம்.ஆர். ராதாவின் குண்டு பாய்ந்தது. அவர் குரலும் பழைய குரலாகத் திரும்பவில்லை. ஆனால் குழறிய அந்தக் குரலோடேயே அவர் படம் பண்ணினார். இரவல் குரல் வாங்கவில்லை. ரசிகர்கள் முன்னைவிட நெருக்கமாக ஒட்டிக்கொண்டார்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட நாட்களில், அந்த மாறிய குரல் வந்ததும் விசில் கூடியதே தவிரக் குறையவில்லை. ஹாக்கின்ஸுக்கு அந்த வழி இல்லை. குழறுவதற்குக்கூட உள்ளே ஏதும் மிச்சமில்லை. உணவுக்குழாய் வழியே காற்றை ஏப்பம்போல வெளியேற்றிப் பேசப் பழகினார். படப்பிடிப்பில் வசனத்துக்கு வாயசைத்தார். பிறகு ராபர்ட் ரியெட்டியோ சார்ல்ஸ் கிரேயோ அவருக்காகப் பேசினார்கள். ‘ஓ! வாட் எ லவ்லி வார்’ படத்தில் பேச்சே இல்லாத ஆஸ்திரியச் சக்கரவர்த்தியாக வந்தார். ‘வாட்டர்லூ’, ‘யங் வின்ஸ்டன்’, ‘தியேட்டர் ஆஃப் பிளட்’ என்று வேலை நிற்கவில்லை. குரல் போன நடிகரை விடாமல் கூப்பிட்ட இயக்குநர்களைப் பற்றியும் இது கொஞ்சம் சொல்கிறது. அந்தக் கடைசிப் படங்களில் பார்க்க வேண்டியது அந்தக் கண்களை. வேறொருவர் குரல் எங்கோ போய்க்கொண்டிருக்க, அவை மட்டும் வசனத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

1973-ல் செயற்கைக் குரல் கருவி பொருத்திக்கொள்ள அமெரிக்கா போய் அறுவை செய்துகொண்டார். ரத்தப்போக்கு ஏற்பட்டது. லண்டன் திரும்பியும் சரியாகவில்லை. ஜூலை 18 அன்று, 62 வயதில் காலமானார். ‘எனிதிங் ஃபார் எ கொயட் லைஃப்’ என்ற அவர் வாழ்க்கைக் குறிப்பு அந்த ஆண்டே நூலாக வந்தது.

ஹாக்கின்ஸ் மட்டும்தான் இப்படித் துரை வேடம் கட்டியவர் என்று எண்ண வேண்டாம். பீட்டர் ஃபின்ச்சை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் விசித்திரம். சிறுவனாக இருந்தபோது பாட்டி அவரை 1925-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்குக் கூட்டிவந்தார். சில மாதங்கள் இந்தியாவில்தான் இருந்தார். வளர்ந்து நடிகரானபின் ‘எலிஃபண்ட் வாக்’ படத்தில் இலங்கைத் தேயிலைத் துரை. ‘எ டவுன் லைக் ஆலிஸ்’ படத்தில் மலாயாவில் ஜப்பானியரிடம் சிக்கிய ஆஸ்திரேலியக் கைதி. ‘விண்டம்ஸ் வே’யில் தோட்டத் தொழிலாளர் கலவரத்துக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் டாக்டர். மூன்றையும் வரிசையாகப் பார்க்க நினைப்பவர்கள் ‘விண்டம்ஸ் வே’யில் தொடங்கலாம். தொழிலாளர்களுக்கு அதில்தான் கொஞ்சம் வசனம் இருக்கிறது.